கோடு சேரவில்லையே, ஏன்?
மேசை மில்லிங் மெஷினில் சுழல் அச்சைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும்



ஆயுத பூஜை வந்தால் நம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் எந்தக் கம்பெனி வாசலைப் பார்த்தாலும் வாழைக்கன்றும் பூசணிக்காயும்தான். தொழிலாளர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுக்கும் வழக்கமும் உண்டு. சென்ற ஆண்டு அப்படி ஒரு ஆர்டர் ஒரகடம் பக்கத்தில் உள்ள நம் குழு ஒன்றுக்குக் கிடைத்தது. மரத்தில் உருண்டையான குங்குமச் சிமிழ் செய்து, அதைச் சுற்றிலும் கொடி வேலைப்பாடு செதுக்கித் தரணும். வங்கிக் கடனில் வாங்கிய மேசை மில்லிங் மெஷின் குழுவிடம் இருந்தது. உருண்டை வேலைக்காக அதோடு சுழல் அச்சு இணைப்பு ஒன்றையும் சேர்த்து வாங்கினார்கள்.

விற்றவர்கள் அனுப்பிய மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தார். முதல் சிமிழை எடுத்துப் பார்த்தால், கொடி ஒரு சுற்று சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் சேரவில்லை. 2 மில்லிமீட்டர் இடைவெளி! மெக்கானிக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு எண்ணை மாற்றினார். அடுத்த சிமிழில் கோடு அழகாகச் சேர்ந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் போனபோது குழுவில் எல்லோர் முகமும் வாடிக் கிடந்தது. சில சிமிழில் கோடு சேர்ந்திருக்கிறது. சிலதில் இடைவெளி. சிலதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. இருபதுக்கு மேல் சிமிழ் வீண். "மெஷினே தப்பான மெஷின் போல இருக்கு, திருப்பிக் கொடுத்துடலாம்" என்று ஒருவர் சொல்ல, "தவணையை யாரு கட்டுறது?" என்று இன்னொருவர் கேட்டார்.

மெஷின் தப்பான மெஷின் இல்லை. சரிபார்க்காமல் ஓட்டியதுதான் தப்பு. அந்தச் சரிபார்ப்பை நாமே செய்ய முடியும். எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

சுழல் அச்சு என்றால் என்ன?

மேசை மில்லிங் மெஷின் என்பது தையல் மெஷின் வைக்கும் இடத்தில் வைக்கக்கூடிய சின்ன இயந்திரம். மேலே ஸ்பின்டில் வேகமாகச் சுற்றும். அதில் மாட்டிய பிட் மரத்தையோ பிளாஸ்டிக்கையோ செதுக்கும். பிட் மூன்று திசையில் நகரும். இடது – வலது எக்ஸ் அச்சு, முன் – பின் ஒய் அச்சு, மேல் – கீழ் இசட் அச்சு. பலகையில் கோலம் செதுக்க இந்த மூன்றே போதும்.

சிமிழ், ஊஞ்சல் கம்பு, பூரிக்கட்டை மாதிரி உருண்டைப் பொருள் என்றால், செதுக்கச் செதுக்கப் பொருளைத் திருப்பிக் காட்டணும். அந்தத் திருப்பும் வேலைக்குத்தான் நான்காவது அச்சு. எக்ஸ் திசையிலேயே படுத்துக்கொண்டு சுற்றுவதால் இதற்கு ஏ அச்சு என்று பெயர். ஒரு பக்கம் பொருளைப் பிடிக்கும் சக், அதன் பின்னால் மோட்டார், மறுபக்கம் பொருளின் முனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக். இணைப்பு என்பது அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் சின்ன இயந்திரம் நகரத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. 2002-இலேயே மகாராஷ்டிராவில் புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமம் என்ற அமைப்பு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து 'ஃபேப் லேப்' என்ற பட்டறையைத் தொடங்கியது. மேசை மில்லிங் மெஷின் இப்படிப்பட்ட பட்டறைகளின் அடிப்படைக் கருவிகளில் ஒன்று.

வாங்கும் முன் நான்கு கேள்வி

குழுவில் தீர்மானம் போடுவதற்கு முன் விற்பவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

1. நம் மெஷினில் நான்காவது மோட்டாருக்கு இணைப்பு இருக்கிறதா? சில மெஷினில் மூன்று மோட்டாருக்குத்தான் இடம் இருக்கும். அப்போது ஒய் மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சுழல் அச்சைச் செருகுவார்கள். வேலை நடக்கும். ஆனால் முன் – பின் நகர்வு இருக்காது.
2. சுழல் அச்சின் பல்லு விகிதம் என்ன? அதாவது சக் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்றணும்? 4-க்கு 1, 6-க்கு 1 என்று சொல்வார்கள். இந்த எண் இல்லாமல் சரிபார்க்கவே முடியாது.
3. சக்கைப் பொருத்திய பிறகு ஸ்பின்டிலுக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கும்? மெஷின் சின்னது என்றால் பெரிய சிமிழ் உள்ளேயே போகாது.
4. மாதிரித் துண்டு செதுக்கி, நாம் அளந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. சம்மதமா?

முதலில் பாதுகாப்பு

முந்தானை, துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல் எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது. மேலே கோட்டு போட்டு, கூந்தலை முடிந்து கட்டி, கண்ணாடி போட்டுக்கொள்ளணும். கையுறை வேண்டாம், சுற்றும் பிட் அதைச் சுருட்டி இழுத்துவிடும். சக் சாவியை வேலை முடிந்ததும் கழற்றி அதன் இடத்தில் வைத்துவிடணும்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டு கருகிவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் தொடுங்கள்.

பொருத்தும் முறை

*முதல் படி – உட்கார வைத்தல்.* மேடையையும் இணைப்பின் அடிப்பாகத்தையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒரு சின்ன மரத்தூள் அடியில் இருந்தாலும் மறுமுனையில் சாய்வு வரும். மேடையின் பள்ளத்தில் போல்ட்டைப் போட்டுப் பாதி முறுக்கு மட்டும் முறுக்குங்கள். முழுசாக இறுக்குவது அப்புறம்.

*இரண்டாம் படி – நேராக நிற்கிறதா?* கடைசல் செய்த நேரான இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் பிடியுங்கள். ஸ்பின்டிலை அணைத்துவிட்டு, அதில் டயல் கேஜைக் கட்டி, அதன் முனை தண்டின் தலைமேல் தொடும்படி இறக்குங்கள். சக் பக்கம் ஒரு ரீடிங். எக்ஸ் திசையில் 100 மில்லிமீட்டர் தள்ளிப் போய் இன்னொரு ரீடிங். இரண்டும் ஒன்றாக இருந்தால் தண்டு மட்டமாக இருக்கிறது. இல்லாவிட்டால் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் அடியில் மெல்லிய தகடு வைக்கணும். நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். எத்தனை தாள் கனம் தேவை என்று அதை வைத்துப் பார்த்துவிட்டு, அதே கனத்தில் தகடு வெட்டிப் போடலாம்.

அடுத்து டயல் கேஜைத் தண்டின் பக்கவாட்டில் தொட வைத்து இதையே செய்யுங்கள். வித்தியாசம் வந்தால் இணைப்பை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நேராக்கணும்.

தண்டே சக்கில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரீடிங் எடுத்து, தண்டை அரைச் சுற்று திருப்பி இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்தான் உண்மையான எண்.

எல்லாம் நேரான பிறகு போல்ட்டை முழுசாக இறுக்கி, திரும்பவும் ஒரு தடவை பாருங்கள். இறுக்கும்போதே நகர்ந்துவிடும் என்பது அனுபவம். கடைசியாக டெயில் ஸ்டாக்கைக் கொண்டுவந்து தண்டின் முனையைத் தாங்க விடுங்கள். அது அழுத்தும்போது டயல் கேஜ் முள் அசைந்தால் டெயில் ஸ்டாக் உயரத்திலோ பக்கத்திலோ தவறி நிற்கிறது என்று பொருள்.

*மூன்றாம் படி – நடுவைக் கண்டுபிடித்தல்.* குயவர் சக்கரத்தில் மண் நடுவில் உட்காராவிட்டால் பானை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். இங்கேயும் அதே கதைதான். சக் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுற்றுகிறது என்று மெஷினுக்கு நாம் சொல்லணும்.

12 மில்லிமீட்டர் தண்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு தாளை வைத்து, சுற்றாத பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தாளை இழுத்தால் பிடிக்கிற நேரத்தில் நிறுத்துங்கள். பிட் முனை இப்போது நடுவிலிருந்து 6 மில்லிமீட்டரும், தாள் கனம் 0.1-ம் சேர்த்து 6.1 உயரத்தில் இருக்கிறது. இசட் எண்ணை 6.1 என்று போட்டால் பூஜ்யம் தானாக நடுவில் உட்காரும். அதேபோல் தண்டின் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை தொட்டு, இரண்டுக்கும் பாதியை ஒய் பூஜ்யமாக வையுங்கள்.

*நான்காம் படி – பாகைக் கணக்கு.* ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஸ்டெப்பர் மோட்டார் அடி அடியாக நகரும். பெரும்பாலான மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் போர்டு ஒவ்வொரு அடியையும் 16 சின்ன அடியாகப் பிரிக்கிறது என்றால் 200 × 16 = 3,200. பல்லு விகிதம் 6-க்கு 1 என்றால் 3,200 × 6 = 19,200. இதை 360-ஆல் வகுத்தால் 53.333. ஒரு பாகைக்கு 53.333 அடி. இதுதான் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஏ அச்சுக்கு நாம் எழுத வேண்டிய எண். உங்கள் மோட்டார், போர்டு, பல்லு விகிதம் வேறாக இருந்தால் எண்ணும் மாறும். கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

சரிபார்க்கும் முறை

*பத்துச் சுற்றுச் சோதனை.* சக்கின் மேல் ஒரு கோடு, அதற்கு நேராக அசையாத பாகத்தில் ஒரு கோடு போடுங்கள். மெஷினை 3,600 பாகை, அதாவது பத்துச் சுற்று திருப்பச் சொல்லுங்கள். கோடும் கோடும் திரும்ப நேராக வரணும். ஒரே சுற்றில் கண்ணுக்குத் தெரியாத தவறு பத்துச் சுற்றில் பத்து மடங்காகித் தெரிந்துவிடும்.

*விளையாட்டுச் சோதனை.* பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தைப் பட்டறைக்காரர்கள் 'ப்ளே' என்பார்கள். சக்கில் ஒரு இரும்பு ஸ்கேலைப் பிடித்து, நடுவிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி டயல் கேஜைத் தொட வையுங்கள். ஒரு திசையிலிருந்து பூஜ்யத்துக்கு வந்து ரீடிங் எடுங்கள். அதே திசையில் 5 பாகை தாண்டிப் போய், எதிர்த்திசையில் பூஜ்யத்துக்குத் திரும்பி வந்து மறுபடி எடுங்கள். 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிமிழின் மேல் அது 0.1 ஆகத் தெரியும். மர வேலைக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதற்கு மேல் போனால் பெல்ட்டையோ பல்லையோ இறுக்கச் சொல்லணும். வேலையை எப்போதும் ஒரே திசையில் சுற்றும்படி அமைத்தாலும் இந்தத் தொல்லை குறையும்.

*புரட்டிப் போடும் சோதனை.* வீண் மரத்துண்டு ஒன்றைப் பிடித்து, நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு தட்டை வெட்டுங்கள். 180 பாகை திருப்பி, அதே உயரத்தில் இன்னொரு தட்டை வெட்டுங்கள். வெர்னியரில் அளந்தால் கனம் 20 இருக்கணும். 20.4 வந்தால் நாம் நடு என்று நினைத்த இடம் உண்மையான நடுவை விட 0.2 மேலே இருக்கிறது. அளவில் வரும் தவறு எப்போதும் இரு மடங்காகக் காட்டும், அதில் பாதியைத்தான் திருத்தணும்.

கணக்கு டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்?

இப்போது நம் சிமிழ்க் கதைக்கு வருவோம்.

அந்தக் குழுவில் முன்பு ஒரு ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த சகோதரி ஒருவர் இருக்கிறார். வீணான சிமிழ்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, எல்லாத்துலயும் ஒரே மாதிரி தப்பு வந்தா நம்பர் தப்பு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி வந்தா எங்கேயோ லூஸா இருக்கு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தோம். மோட்டார் தண்டில் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்ன திருகாணி தளர்ந்திருந்தது. மோட்டார் சுற்றுகிறது, பல்சக்கரம் அவ்வப்போது வழுக்குகிறது. ஆலன் கீ போட்டு இறுக்கினோம்.

இறுக்கிய பிறகு செதுக்கினால், எல்லாச் சிமிழிலும் கோடு ஒரே அளவில் 2 மில்லிமீட்டர் ஏறி நின்றது! அப்போதுதான் மெக்கானிக் மாற்றிய எண் ஞாபகம் வந்தது. 53.333 இருந்த இடத்தில் 54 என்று போட்டிருந்தார். வழுக்கியதால் சுற்று குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட எண்ணைக் கூட்டிவிட்டார். வழுக்கல் நின்றதும், 360 பாகை சுற்ற வேண்டிய சக் 364.5 பாகை சுற்றியது. 50 மில்லிமீட்டர் சிமிழில் 4.5 பாகை என்றால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். எண்ணைப் பழையபடி 53.333 என்று திருத்தினோம். பத்துச் சுற்றுச் சோதனையில் கோடு நேராக வந்தது. அதற்கப்புறம் செதுக்கிய கொடியும் சேர்ந்தது.

சகோதரிகளே, இதை நம் குழுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டத்தில் பணத்தை எண்ணுகிறோம். ரொக்கப் புத்தகத்தில் 5,400 இருக்கிறது, கையில் 5,300 தான் இருக்கிறது. அப்போது புத்தகத்தை 5,300 என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுவோமா? மாட்டோம். அந்த 100 ரூபாய் எங்கே போனது என்று தேடுவோம். ரசீது விட்டுப்போச்சா, கூட்டல் தப்பா, யாரிடமாவது பாக்கியா என்று பார்ப்போம். அந்த மெக்கானிக் செய்தது புத்தகத்தைத் திருத்திய வேலை.

ஸ்டெப்பர் மோட்டாரின் குணமும் இதுதான். சாதாரண மேசை மெஷினில் எத்தனை அடி எடுத்து வைக்கச் சொன்னோம் என்று மட்டும் கணக்கு இருக்கும். போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்க்காது. நடுவில் வழுக்கினாலும், கரண்ட் போய் வந்தாலும், திரையில் எண் சரியாகத்தான் தெரியும். புத்தகத்தில் பணம் இருக்கும், பெட்டியில் இருக்காது. எண்ணிப் பார்ப்பது நம் பொறுப்பு.

அந்த ஆர்டரைப் பூஜைக்கு முந்தின நாள் மதியம்தான் முழுசாக ஒப்படைக்க முடிந்தது. வீணான மரத்தின் விலை குழுவின் லாபத்தில் கழிந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு மட்டும் அதோடு நின்றுபோனது.

மெஷினுக்கும் ஒரு பதிவேடு

அந்தக் குழு இப்போது மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. அதில் எழுதுவது இவ்வளவுதான்:

- தேதி, ஓட்டியவர் பெயர்
- ஏ அச்சு எண் (மாற்றினால் யார், ஏன் மாற்றினார்)
- பத்துச் சுற்றுச் சோதனை: சரி / சரியில்லை
- புரட்டிப் போட்ட துண்டின் கனம்
- இறுக்கிய திருகாணி, மாற்றிய பிட்

வாரம் ஒரு தடவையும், மெஷினை நகர்த்தினாலோ கரண்ட் போய் வந்தாலோ உடனேயும் பத்துச் சுற்றுச் சோதனை செய்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. மெக்கானிக் வந்தாலும் நோட்டில் எழுதாமல் எந்த எண்ணையும் மாற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் அதன் உற்பத்தி நின்றது. ஆலை வரும், போகும். நம் பெண்கள் பலர் பட்டன் அழுத்தவும் பொருளை எடுத்து வைக்கவும் பழகினார்கள். அந்த மெஷின் ஏன் அப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கற்றுக்கொண்டதை எந்த ஆலை மூடினாலும் யாரும் பிடுங்க முடியாது. சிமிழ் வேலையைக் காப்பாற்றியது அப்படிக் கற்றதுதான்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 4.0 தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தும் திட்டத்தில், 2023-இல் ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யில் தொடக்க விழா நடந்தது. கம்ப்யூட்டர் மூலம் இயங்கும் இயந்திரங்களை ஓட்டும் மேம்பட்ட சி.என்.சி. பிரிவும் அந்த மையங்களின் பயிற்சிகளில் ஒன்று. அரசு ஐ.டி.ஐ.யில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு வைக்கப்படவில்லை. மகளுக்கு மட்டுமல்ல, ஆர்வம் உள்ள அம்மாவும் விண்ணப்பிக்கலாம். நேரில் போய் இந்த ஆண்டு என்னென்ன பிரிவு, எப்போது சேர்க்கை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவிடம் இருக்கும் மெஷின் எதுவானாலும் (தையல், மாவு அரைவை, பேப்பர் தட்டு) அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?
2. மெக்கானிக் போன பிறகு அவர் என்ன மாற்றினார் என்று நம்மிடம் எழுத்தில் இருக்கிறதா?
3. மெஷினுக்கு ஒரு நோட்டுப் போட்டால் அதை யார் எழுதுவது?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு சகோதரியின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டைக் கேட்டுப் பார்ப்போம்.